உதவி வந்து சேராத முதல் மூன்று நாள்: தீவுத் தலைவர்களுக்கு என்ன சொல்லித் தருகிறார்கள்?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆடி மழையில் அதில் ஏதோ ஒரு வளைவில் மண் சரிந்து பாதை அடைபட்டால், பொக்லைன் வந்து ஒதுக்கும்வரை மேலே இருப்பவர்கள் மேலேயேதான். தாளவாடிக்காரர்கள் சத்தியமங்கலத்துக்கு இறங்கத் திம்பத்தில் 27 வளைவுகளைத் தாண்ட வேண்டும். கொல்லிமலைக்கு நாமக்கல் பக்கமிருந்து ஏறினால் 70. பாதை போனால் பெரும்பாலும் கரண்டும் போகும். கரண்ட் போன சில மணி நேரத்தில் செல்போன் டவரும் படுத்துவிடும். சுற்றிலும் கடல் இல்லையே தவிர, அந்த ஒன்றிரண்டு நாளைக்கு அவை தீவுகள்தான்.

அந்த நேரத்தில் அங்கே யார் முடிவெடுப்பார்? எந்த ஊருக்கு முதலில் ஆள் அனுப்புவது, இருக்கிற டீசலை ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதா குடிதண்ணீர் மோட்டாருக்குக் கொடுப்பதா, மக்களைக் கிளம்பச் சொல்வதா இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்வதா என்றெல்லாம் தீர்மானிக்க வேண்டியவருக்கு, அதை யார் எப்போது சொல்லிக் கொடுத்தார்கள்?

கரையிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் நிஜமான தீவுகளில் இந்தக் கேள்வி வெகுநாளாக இருக்கிறது. அதற்கென்றே ஒரு வகைப் படிப்பும் உருவாகியிருக்கிறது. பாதுகாப்பு, பேரிடர் ஆகிய துறைகளில் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கான மேல்பயிற்சி அது. நம் மலையோர ஊர்களுக்கு அதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதனால்தான் இதை அடிப்படையிலிருந்து சொல்ல முயல்கிறேன்.

இது என்ன மாதிரிப் படிப்பு?

மூன்று வருடம் உட்கார்ந்து பட்டம் வாங்கும் படிப்பு இல்லை இது. ஏற்கெனவே பதவியில் இருப்பவர்கள்தான் மாணவர்கள். தீயணைப்புத் துறைத் தலைவர், போலீஸ் அதிகாரி, அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவர், துறைமுகப் பொறுப்பாளர், மின்வாரிய மேலதிகாரி என்று இருபது முப்பது பேரை ஒரு அணியாகச் சேர்ப்பார்கள். சில நாள், மிஞ்சினால் சில வாரம் வகுப்பு நடக்கும். சில இடங்களில் அதே அணியை ஒரு வருடத்துக்குள் பல தடவை கூட்டுவார்கள். மனப்பாடம், பரீட்சை எதுவும் கிடையாது. நடந்த பேரிடர்களை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது, நடக்கக்கூடியதைக் கற்பனை செய்து அதில் முடிவெடுத்துப் பழகுவது, ஒருவர் வேலையை மற்றவர் தெரிந்துகொள்வது, இவ்வளவுதான்.

தீயணைப்பு வீரருக்குக் கயிறு கட்டக் கற்றுத் தருகிறோம், ஏணி ஏறக் கற்றுத் தருகிறோம். இருக்கிற பத்துக் கயிறுகளில் எத்தனை எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்ல வேண்டியவருக்குக் கற்றுத் தருவதுதான் இந்தப் படிப்பு. அது தனித்திறமை. பதவி உயர்வோடு தானாக வந்துவிடாது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மான்டரே நகரில் ஒரு கடற்படை முதுநிலைக் கல்லூரி உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அடுத்த வருடம் அங்கே உள்நாட்டுப் பாதுகாப்புக்கான மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த மையம் பொதுவான தலைமை வகுப்புகளோடு, பசிபிக் தீவுகளில் இருப்பவர்களுக்கென்று தனி வகுப்பும் நடத்தியிருக்கிறது. ஹவாயின் ஹொனலூலுவில் 1995 முதல் ஆசிய பசிபிக் பாதுகாப்புக் கல்வி மையம் இயங்குகிறது. பல நாட்டு அதிகாரிகள் அங்கே குறுகிய காலப் பயிற்சிக்குப் போகிறார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. கோவை ரெட்ஃபீல்ட்ஸ் பக்கம் போகிறவர்கள் 'ஐ.என்.எஸ். அக்ரணி' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று பலருக்கும் தோன்றும். கடற்படையின் தலைமைப் பண்புப் பயிற்சி நிலையம் அது. மேலே குன்னூர் பக்கம் வெலிங்டனில் முப்படை அதிகாரிகள், நம் சிவில் அதிகாரிகள், வெளிநாட்டு அதிகாரிகள் எல்லாரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி 1947 முதல் இருக்கிறது. பணியின் நடுவில் ஆளைப் பிடித்து உட்கார வைத்து யோசிக்கச் சொல்லிக் கொடுக்கிற வழக்கத்தை நம் பக்கத்து மலை முக்கால் நூற்றாண்டாகப் பார்த்து வருகிறது.

தீவுக்கு மட்டும் ஏன் தனி வகுப்பு?

ஈரோட்டில் வெள்ளம் என்றால் சேலத்திலிருந்து படகு வரும், திருப்பூரிலிருந்து ஆம்புலன்ஸ் வரும். தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்தில் இருக்கிறது. ரயில் தூரம் கணக்கிட்டால் கோவைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி கிளம்பினால் விடிந்து வந்துவிடுவார்கள். பொதுவாகப் பேரிடர்த் திட்டங்கள் எல்லாமே இந்த நம்பிக்கையின் மேல் எழுதப்பட்டவை. அக்கம்பக்கம் இருக்கிறது, அங்கிருந்து ஆள் வரும்.

தீவுக்கு அக்கம்பக்கம் கிடையாது. ஹவாயிலிருந்து கலிபோர்னியா ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர். குவாம் தீவு ஹவாயிலிருந்தே இன்னும் 6,000 கிலோமீட்டர் மேற்கே. நம் அந்தமானை எடுத்துக்கொண்டால், சென்னையிலிருந்து கப்பல் போய்ச் சேர மூன்று நாள் ஆகும்.

இன்னொன்று, தீவில் எல்லாமே ஒவ்வொன்றுதான். ஒரு துறைமுகம், ஒரு விமான ஓடுதளம், ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அந்த ஒன்று போனால் மாற்று இல்லை. தென் பசிபிக் தீவு நாடான டோங்காவில் நடந்ததைப் பாருங்கள். 2022 ஜனவரி 15 அன்று கடலடி எரிமலை வெடித்து, சுனாமி வந்தது. வெளியுலகத்தோடு அந்த நாட்டை இணைத்த ஒரே கடலடிக் கேபிள் அறுந்தது. அதைச் சரிசெய்ய ஐந்து வாரம் பிடித்தது. முதல் சில நாள் உள்ளே என்ன நிலவரம் என்பதே வெளியில் இருந்தவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. உதவி விமானங்கள் கிளம்பத் தயாராக நின்றன, ஆனால் ஓடுதளம் முழுக்கச் சாம்பல். ஆட்கள் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக இறங்கி நாள்கணக்கில் அள்ளிய பிறகுதான் முதல் விமானம் இறங்க முடிந்தது.

அப்புறம் இன்னொரு சிக்கல். டோங்கா அதுவரை கொரோனாவைக் கிட்டத்தட்ட உள்ளேயே விடாமல் காத்து வந்த நாடு. உதவி கொண்டு வந்த கப்பல் ஒன்றில் பலருக்குத் தொற்று. தண்ணீர் வேண்டும், மருந்து வேண்டும், ஆனால் அதைக் கொண்டு வருபவரோடு நோயும் வரலாம். ஆள் இறங்காமல் பொருளை மட்டும் வாங்குவது என்று முடிவு செய்தார்கள். அப்படியும் சில வாரத்தில் துறைமுகத் தொழிலாளர்களிடம் தொற்று தென்பட்டது. இப்படி ஒரு முடிவை எந்தக் கையேட்டிலும் பார்த்து எடுக்க முடியாது. இரண்டு பக்கமும் உயிர் இருக்கும்போது எடைபோட்டுப் பார்க்கிற பழக்கம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

2004 சுனாமியில் நிக்கோபார் தீவுகளிலும் இதே சங்கடம். படகுத்துறைகள் பல உடைந்து போனதால், பொருளோடு வந்த கப்பல் கரையணைய வழியில்லை. கரீபியன் கடல் தீவான பியூர்ட்டோ ரிக்கோவில் 2017 செப்டம்பரில் மரியா புயல் அடித்தபோது, அவசரப் பொருள் கிடங்கு ஏற்கெனவே பெருமளவு காலி. இரண்டு வாரம் முன்னால் வந்த இர்மா புயலுக்காகப் பக்கத்துத் தீவுகளுக்கு எடுத்துக் கொடுத்திருந்தார்கள். கொடுத்தது தப்பில்லை. அடுத்தது உடனே வந்தால் என்ன செய்வது என்று யோசிக்க ஆள் வேண்டியிருந்தது.

கடைசியாக, ஆட்கள். சின்னத் தீவில் அதிகாரிகளே கொஞ்சம் பேர்தான். ஒருவரே மூன்று வேலை பார்ப்பார். அவர் வீட்டுக் கூரையும் பறந்திருக்கும், அவர் அம்மாவும் முகாமில் இருப்பார். மீட்க வேண்டியவரும் பாதிக்கப்பட்டவரும் ஒரே ஆள். பெருநகரத்து அதிகாரிக்கு எழுதிய பாடம் இவருக்குப் பொருந்தாது.

38 நிமிடம்

இந்த வகுப்புகளில் எடுத்துப் பேசத் தக்க சம்பவம் ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 2018 ஜனவரி 13, சனிக்கிழமை. காலை 8:07 மணிக்கு ஹவாய் மக்களின் செல்போன்களில் ஒரு எச்சரிக்கை அடித்தது. ஏவுகணை வருகிறது, உடனே ஒதுங்குங்கள், இது ஒத்திகை இல்லை என்று. ஜனங்கள் பதறிப் போனார்கள். குளியலறைத் தொட்டியில் குழந்தைகளைப் படுக்க வைத்தார்கள். சாக்கடை மூடியைத் திறந்து பிள்ளைகளை இறக்கினார்கள்.

ஏவுகணை எதுவும் வரவில்லை. பணிநேரம் மாறும்போது நடந்த ஒத்திகையை நிஜமென்று நம்பி ஒரு ஊழியர் உண்மையான எச்சரிக்கையை அனுப்பிவிட்டார். இரண்டே நிமிடத்தில், 8:09-க்கு, ஆளுநருக்கு இது தவறான தகவல் என்று தெரிந்துவிட்டது. ஆனால் செல்போன்களுக்குத் திருத்தச் செய்தி போனது 8:45-க்கு. முதல் எச்சரிக்கையிலிருந்து 38 நிமிடம்.

ஏன் இவ்வளவு நேரம்? எச்சரிக்கைக்கான வாசகம் முன்பே தயாராக இருந்தது. 'தவறுதலாகப் போய்விட்டது, பயப்படாதீர்கள்' என்று சொல்லும் வாசகம் தயாராக இல்லை. அதை அனுப்ப யார் அனுமதி வேண்டும் என்பதிலும் குழப்பம். ஆளுநருக்குத் தன் ட்விட்டர் கணக்கின் பாஸ்வேர்டு தெரியவில்லை. அதைப் பின்னால் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

பட்டன் அழுத்திய ஊழியர் மேல்தான் கோபம் முழுவதும் திரும்பியது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒருவர் தவறாகப் புரிந்துகொள்வது எந்த அலுவலகத்திலும் நடக்கும். தவறான எச்சரிக்கை போனால் அடுத்த ஐந்து நிமிடத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்று மேலே இருந்த யாரும் முன்கூட்டி உட்கார்ந்து பேசியிருக்கவில்லை என்பதுதான் பெரிய ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்க வேண்டியது தலைமை. இந்தப் படிப்பு தலைமையைக் குறிவைப்பதற்கும் காரணம் அதுதான்.

ஒரே தலைமை, ஐந்து பேர்

படிப்பின் அடிப்படைப் பாடம் 'நிகழ்வுத் தலைமை முறை'. 1970-இல் தெற்குக் கலிபோர்னியாவில் 13 நாள் காட்டுத்தீ. 16 பேர் இறந்தார்கள், 700 கட்டடங்களுக்கு மேல் எரிந்தன. பிறகு ஆராய்ந்தபோது, தீயணைப்பு வண்டிப் பற்றாக்குறை முதல் காரணமாகத் தெரியவில்லை. ஒரு துறையின் ரேடியோவில் இன்னொரு துறை பேச முடியவில்லை. ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதும் தெளிவில்லை. அந்த அனுபவத்திலிருந்துதான் இந்த முறை பிறந்தது.

விஷயம் எளிது. ஒரு சம்பவத்துக்கு ஒரு பொறுப்பாளர். அவருக்குக் கீழே களவேலைக்கு ஒருவர், திட்டமிட ஒருவர், பொருள் பண்டம் ஏற்பாட்டுக்கு ஒருவர், செலவுக் கணக்குக்கு ஒருவர். கூடவே பத்திரிகைக்கும் மக்களுக்கும் தகவல் சொல்ல ஒருவர், மீட்பாளர்களின் பாதுகாப்பைப் பார்க்க ஒருவர், மற்ற துறைகளோடு தொடர்பு வைக்க ஒருவர். யாரும் ஏறக்குறைய ஐந்து பேருக்கு மேல் நேரடியாக மேய்க்கக் கூடாது. அடுத்த சில மணி நேரத்துக்கு, உதாரணமாக 12 மணி நேரத்துக்கு, என்ன இலக்கு என்று ஒரு தாளில் எழுதி எல்லாருக்கும் கொடுத்துவிட வேண்டும். பதவியில் பெரியவர் தாமதமாக வந்து சேர்ந்தால், அவர் வந்த நொடியிலேயே தலைமை மாறிவிடாது. நிலவரத்தைக் கேட்டு, முறைப்படி கைமாற்றி வாங்கிக்கொண்ட பிறகுதான் மாறும்.

கடைசிப் பாடம் நம்மூரில் ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். சம்பவ இடத்துக்குப் பெரிய அதிகாரி ஒவ்வொருவராக வந்து இறங்க இறங்க, முதல் ஆளாக வேலை பார்த்துக்கொண்டிருந்த நிலைய அலுவலர் ஒவ்வொருவருக்கும் எழுந்து விவரம் சொல்ல வேண்டியிருக்கும். வேலை அங்கேயே நிற்கும்.

இந்தியாவிலும் இந்த முறை இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டர் தலைவர். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் இதே முறையை இந்திய நிர்வாகத்துக்கு ஏற்றபடி மாற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. தாளில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. அது கைப்பழக்கம் ஆவதற்குத்தான் அடுத்த பாடம்.

மேஜையைச் சுற்றி ஒரு பேரிடர்

இந்தப் படிப்பின் உயிர் என்று நான் சொல்வது 'டேபிள்டாப்' எனப்படும் மேஜைப் பயிற்சியை. சைரன் கிடையாது, வண்டி கிடையாது. ஒரு பெரிய மேஜை, ஒரு வரைபடம், சுற்றிலும் பொறுப்பில் இருப்பவர்கள். நடத்துபவர் கையில் துண்டுச்சீட்டுகள். நேரம் பார்த்து ஒவ்வொரு சீட்டாக மேஜையில் வைப்பார். ஒவ்வொரு சீட்டும் நிலவரத்தை மாற்றும். அந்தந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று அவரவர் வாயாலேயே சொல்ல வேண்டும்.

வால்பாறைக்கு இப்படி ஒன்று நடத்துவதாக வைத்துக்கொள்வோம். மேஜையைச் சுற்றித் தாசில்தார், டி.எஸ்.பி., அரசு மருத்துவமனை டாக்டர், நகராட்சி ஆணையர், வனத்துறை ரேஞ்சர், நெடுஞ்சாலைத் துறை, மின்வாரியம், தீயணைப்பு. இவர்களோடு பஸ் டிப்போ மேனேஜர், இரண்டு மூன்று எஸ்டேட் மேனேஜர்கள், வியாபாரிகள் சங்கத் தலைவர், பெட்ரோல் பங்க் உரிமையாளர்.

முதல் சீட்டு, காலை 6 மணி. ஆழியாறு பாதையில் இரண்டு இடத்தில் மண்சரிவு. கரண்ட் இல்லை. ஒரு எஸ்டேட்டில் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் பின்னால் மண் விரிசல் விட்டிருக்கிறது, 40 குடும்பம். தாசில்தார் சொல்கிறார், எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய்விடலாம் என்று. டிப்போ மேனேஜரைப் பார்த்துக் கேட்கிறார்: "டிப்போவுல இப்ப எத்தனை வண்டி நிக்குமுங்க?"

"ராத்திரி தங்கற வண்டி மட்டுந்தானுங்க சார். வண்டி இருந்தாலும் டிரைவருங்க பாதிப் பேரு பொள்ளாச்சிக்காரங்க. லீவுல கீழ போயிட்டா ஏறி வர முடியாதுங்களே."

அந்த ஒரு பதிலில் திட்டத்தின் பாதி ஆடிப்போகிறது. உடனே எஸ்டேட் மேனேஜர் ஒருவர், கொழுந்து ஏற்றும் டிராக்டர்கள் தங்களிடம் இருப்பதாகச் சொல்கிறார். ரேஞ்சர், அந்தப் பள்ளிக்குப் போகும் வழியில் யானைக்கூட்டம் நிற்கிற காலம் இது, என் ஆள் முன்னால் போகாமல் டிராக்டர் போகக் கூடாது என்கிறார். இந்த மூன்று தகவலும் மூன்று பேரிடம் வருடக்கணக்காக இருந்தவை. ஒரே அறையில் ஒன்றாக வந்தது இப்போதுதான்.

இரண்டாவது சீட்டு, 7:30. பிரசவ வலி வந்த பெண், ஆபரேஷன் தேவைப்படலாம். மயக்க மருந்து டாக்டர் மலைக்குக் கீழே. அப்படியானால் கேரளப் பக்கம் மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடிக்குக் கொண்டு போக முடியுமா? எல்லையில் யாரைக் கூப்பிடுவது? அந்த நம்பர் யாரிடம் இருக்கிறது? மேஜையில் யாரிடமும் இல்லை என்றால், அன்றைய பயிற்சியில் கிடைத்த மிகப் பெரிய விஷயமே அதுதான்.

மூன்றாவது, 9 மணி. மேலே ஒரு அணை உடைந்துவிட்டதாக வாட்ஸ்ஆப்பில் வதந்தி. அது பொய் என்று எத்தனை நிமிடத்தில், யார் வாயால், எதன் வழியாகச் சொல்வீர்கள்? டவர் இல்லாத எஸ்டேட்டுக்கு அந்தச் செய்தி எப்படிப் போகும்? கோயில் ஒலிபெருக்கியா, சர்ச் மணியா, போலீஸ் ஜீப்பின் மைக்கா? ஹவாயின் 38 நிமிடம் இங்கேதான் பாடமாக வந்து உட்காரும்.

நான்காவது சீட்டில் நடத்துபவர் தலைவரையே எடுத்துவிடுவார். "தாசில்தார் நேற்று மாலை கோவை மீட்டிங்குக்குப் போனவர், கீழே மாட்டிக்கொண்டார். இனி நீங்கள் பேசக் கூடாது சார். இப்போது யார்?" மேஜை கொஞ்ச நேரம் தடுமாறும். ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்ப்பார்கள். அடுத்தது யார், அவருக்கு எவ்வளவு அதிகாரம், பணம் செலவழிக்கக் கையெழுத்து யாருடையது என்று பேசித் தீர்த்து எழுதி வைத்தால்தான் அடுத்த சீட்டு வரும்.

இங்கே யாரும் தோற்பதில்லை, யாருக்கும் மார்க் இல்லை. 'எனக்குத் தெரியாது' என்று மேலதிகாரி முன்னால் சொல்லத் தைரியம் வரும் இடமாக அந்த அறை இருக்க வேண்டும். நடத்துபவரின் திறமை முழுக்க அதில்தான். கலெக்டர் உட்கார்ந்திருப்பதாலேயே எல்லாரும் "ஏற்பாடு தயாராக இருக்குங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்த நாள் வீண். முதலில் கலெக்டரே தன்னிடம் இல்லாத ஒரு விவரத்தைச் சொல்லித் தொடங்கினால் மற்றவர்களுக்கும் வாய் திறக்கும்.

முடிந்த கையோடு, களைப்பு ஆறுவதற்குள், எது சரியாக வந்தது, எங்கே சிக்கியது என்று எல்லாரும் சொல்ல வேண்டும். பிறகு அதை எழுத வேண்டும். எழுதியதில் ஒவ்வொரு குறைக்கும் நேராக ஒரு பெயரும் ஒரு தேதியும் இருக்க வேண்டும். 'தொலைத்தொடர்பு மேம்படுத்தப்படும்' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. 'எல்லைக்கு அந்தப் பக்கக் காவல் நிலைய எண்ணை டி.எஸ்.பி. அலுவலகம் இந்த மாதம் 15-க்குள் வாங்கி எல்லாருக்கும் அனுப்பும்' என்று எழுதினால் நடக்கும்.

மாக் டிரில் இருக்கிறதே, போதாதா?

நம் மாவட்டங்களில் ஒத்திகை நடக்காமல் இல்லை. பள்ளியில், தொழிற்சாலையில், அணையோரம் என்று மாக் டிரில் நடக்கிறது. அது தேவையும்கூட. ஆனால் அதில் சோதனைக்கு உள்ளாகிறவர்கள் ஏணி பிடிப்பவரும் ஸ்ட்ரெச்சர் தூக்குபவரும்தான். முடிவெடுக்கிறவர் பார்வையாளராக நாற்காலியில் இருப்பார். சம்பவம் எங்கே, எத்தனை மணிக்கு என்று எல்லாருக்கும் முன்னாலேயே தெரியும். தலைமைக்கு அதில் கற்றுக்கொள்ளக் கிடைப்பது குறைவு.

தலைமைப் பயிற்சி என்று கேட்டால் டில்லியில் தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனம் இருக்கிறது, நாக்பூரில் தேசியத் தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது. அதிகாரிகள் போய் வருகிறார்கள். என் ஆதங்கம் வேறு. படித்து வந்த அதிகாரி இரண்டு மூன்று வருடத்தில் இடம் மாறிப் போவார், படிப்பும் அவரோடு போகும். மலையில் நிலையாக இருப்பவர்கள் யார்? உள்ளூர் எஸ்டேட் கண்காணிப்பாளர், வி.ஏ.ஓ.வின் உதவியாளர், ஆஸ்பத்திரியின் மூத்த நர்ஸ், கடைவீதிக்காரர்கள், பழங்குடிக் கிராமத்து மூப்பர். தீவு வகுப்புகளில் அரசு அதிகாரிகளோடு வெளியாட்களையும் சேர்த்து உட்கார வைப்பது எங்கெல்லாம் நடக்கிறதோ, அங்கே பயிற்சி ஊரிலேயே தங்குகிறது. நாமும் மேஜையில் பாதி நாற்காலியை இவர்களுக்கு ஒதுக்க வேண்டும்.

2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்தபோது முதலில் ஓடிப்போனவர்கள் நஞ்சப்பசத்திரத்து மக்கள். குடத்தில் தண்ணீரோடும் போர்வையோடும். 2009 நவம்பரில் நீலகிரியில் மழை கொட்டி 40 பேருக்கு மேல் மண்ணில் புதைந்தபோதும், பாதைகள் திறக்கும்வரை பக்கத்து வீட்டுக்காரர்தான் மீட்புப் படை. முதல் சில மணி நேரம் ஊர்க்காரர்களுடையது. அவர்களை விட்டுவிட்டுப் போடும் திட்டம் எதுவும் மலையில் நிற்காது.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் அப்படித்தான். தாளவாடிக்குத் திம்பம் அடைபட்டால், பக்கத்தில் இருக்கும் பெரிய ஊர் கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர். வால்பாறைக்குப் பின்வாசல் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம். மாநிலம் வேறு, மொழி வேறு, கண்ட்ரோல் ரூம் வேறு. 2009 செப்டம்பர் 29 அன்று ஒரே சுனாமி அமெரிக்கன் சமோவாவையும் பக்கத்தில் இருக்கும் தனி நாடான சமோவாவையும் அடித்தது. அலைக்குக் கொடி தெரியாது. நம் சரிவுக்கும் செக்போஸ்ட் தெரியாது. ஆகவே அந்த மேஜையில் சாம்ராஜ்நகர் அதிகாரி ஒருவரும் திருச்சூர் அதிகாரி ஒருவரும் உட்கார வேண்டும். ஒரு தடவை சேர்ந்து டீ குடித்தவரின் போனை ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.

கொங்கு நாட்டுக்கு வளத்தில் பஞ்சமில்லை. நாமக்கல்லில் லாரி, திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி, கோவையில் பம்ப்செட்டும் ஜெனரேட்டரும். யாரிடம் எந்த இயந்திரம் இருக்கிறது என்று பதிந்து வைக்கத் தேசிய அளவில் பேரிடர் வளங்களுக்கான இணையப் பட்டியலும் உண்டு. அதில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டால் எடுக்கிறார்களா, டிரைவர் கிடைப்பாரா, டீசலுக்குப் பணம் யார் தருவார் என்பதை மேஜையில் ஒரு சீட்டு போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

தொடங்குவதற்கு என்ன வேண்டும்?

பெரிய செலவு எதுவும் இல்லை. தாலுகா ஆபீஸ் மண்டபம், ஒரு வரைபடம், அரை நாள், பதினைந்து பேர். நடத்துபவர் மட்டும் அந்த ஊர் அதிகாரிகளுக்கு மேலாகவோ கீழாகவோ இல்லாத வெளியாளாக இருப்பது நல்லது. ஓய்வு பெற்ற தீயணைப்பு அதிகாரியோ ராணுவ அதிகாரியோ கோவையிலும் வெலிங்டனிலும் தாராளமாகக் கிடைப்பார்கள். சம்பவம் ஒன்றே ஒன்று போதும், அதுவும் அந்த ஊரில் ஏற்கெனவே நடந்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

நீங்கள் ஊராட்சித் தலைவராகவோ எஸ்டேட் பொறுப்பிலோ வியாபாரிகள் சங்கத்திலோ இருந்தால், கலெக்டர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மனுவாகக் கொடுத்தே கேட்கலாம். கேட்கும்போது மழைக்காலக் கணக்கையும் பார்த்துக் கேளுங்கள். தென்மேற்குப் பருவமழையை வாங்கும் வால்பாறைக்கு மே மாதக் கடைசிக்குள் நடத்திவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பயப்பட வேண்டிய குன்னூர், கோத்தகிரி, கொல்லிமலைப் பக்கத்துக்குச் செப்டம்பருக்குள். குறைகளைச் சரிசெய்ய இடையில் இரண்டு வாரமாவது மிச்சம் வைத்துத் தேதி குறிக்கச் சொல்லுங்கள்.